துப்பாக்கி மெதுவா, தந்தி வேகமா

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு துப்பாக்கியில ஆரம்பிச்சு ஒரு புறாவுல போய் நிக்கும். துப்பாக்கி பிடிக்காதவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எனக்கும் அது பிடிச்ச விஷயம் இல்ல.

ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஆறு மாசம் அமெரிக்காவுல, ஒஹாயோ மாகாணத்துல இருந்தேன். டீம்ல ஒரு பெரியவர், ரிட்டயர் ஆகப்போறவர். பழைய துப்பாக்கிகள்னா அவருக்கு உயிர். ஒரு சனிக்கிழமை அவரோட பண்ணைக்குக் கூப்பிட்டார். கையில கொடுத்தது ஒரு ரெட்டைக் குழல் மசில் லோடர். அதாவது தோட்டா போடுற துப்பாக்கி இல்ல. மருந்தையும் ரவையையும் குழலோட வாய் வழியாவே கெட்டிக்கணும். நம்ம ஊர்ல நரிக்குறவர்கள் காடை, கவுதாரி அடிக்க வச்சிருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே ரகம்தான்.

கெட்டிக்கிற முறையைச் சொல்றேன், ஏன்னா கதையே அதுலதான் இருக்கு. முதல்ல கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும். அதை மருந்துக் குடுவையிலிருந்து நேரா குழல்ல கொட்டக் கூடாது. முந்தின வெடியோட கங்கு உள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா, தீ ஏறி குடுவையே கையில வெடிச்சிடும். அதனால ஒரு சின்ன அளவைக் குப்பியில எடுத்து ஊத்தணும். அதுக்கு மேல தடிமனான ஒரு தக்கையை வச்சு, நீளக் கம்பியால அடிவரைக்கும் தள்ளணும். அப்புறம் அதே குப்பி அளவுக்கு ஈய ரவை. அது கொட்டிடாம இருக்க மேல ஒரு மெல்லிசான அட்டை. கடைசியா, பின்னாடி இருக்கிற சின்ன முளையில ஒரு செப்பு கேப்பைப் பொருத்தணும். சுத்தியல் அந்தக் கேப்பை அடிச்சா பொறி உள்ள போய் மருந்து பிடிக்கும். கேப்பு வர்றதுக்கு முன்னாடி இந்த வேலையைச் சக்கிமுக்கிக் கல் செஞ்சது. மழைத்தூறல் விழுந்தா அதுவும் கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு குழலைச் சுட்டா, அந்த அதிர்ச்சியில பக்கத்துக் குழல்ல கெட்டிச்ச ரவை கொஞ்சம் முன்னாடி நகர்ந்திருக்கலாம். மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா குழலே பிளந்துடும். அதனால ஒவ்வொரு தடவையும் அடுத்த குழலையும் கம்பியால சரிபார்க்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் குழலோட கேப்பைக் கழட்டணும், ஏன்னா இப்ப உங்க கையும் கம்பியும் இருக்கிறது குழல் வாய்க்கு நேரா. எது கெட்டிச்சது, எது காலின்னு மறந்து ஒரே குழல்ல ரெண்டு தடவை மருந்து போட்டவங்களும் இருந்திருக்காங்க.

இதையெல்லாம் செஞ்சு ரெண்டு குழலையும் நிரப்ப அந்தப் பெரியவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு நாலு நிமிஷம்.

அவர் ஆரஞ்சு நிறத்துல ஒரு மண் தட்டை வீசினார். நான் சுட்டேன். முன்னாடி வெள்ளைப் புகை ஒரு திரை மாதிரி எழும்பி நின்னுது. பட்டுச்சா இல்லையான்னு புகை விலகினாதான் தெரியும். படல. ஆறுல அஞ்சு படல.

அந்தத் தட்டுக்கு அங்க பேரு ‘க்ளே பிஜியன்’. மண் புறா. ‘இதுல புறா எங்க இருக்கு?’ன்னு கேட்டேன். அதுக்கு அவர் பதில் சொல்லாம, மறுநாள் என்னை சின்சினாட்டி மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க பகோடா மாதிரி கூரை வச்ச ஒரு சின்னக் கட்டடம் இருக்கு. பாசஞ்சர் பிஜியன், அதாவது பயணப் புறாங்கிற இனத்தோட நினைவுக்கூடம்.

வட அமெரிக்காவோட கிழக்குப் பாதி முழுக்க இருந்த பறவை அது. 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்திருக்கும்னு மதிப்பிடுறாங்க. ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1813-ல கென்டக்கி மாகாணத்துல போயிட்டு இருக்கும்போது ஒரு கூட்டம் தலைக்கு மேல போகுது. எண்ணிப் பார்க்கலாம்னு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் காகிதத்துல ஒரு புள்ளி வச்சார். 21 நிமிஷத்துல 163 புள்ளி. கைவிட்டுட்டார். சூரியன் கிரகணம் பிடிச்ச மாதிரி மங்கிடுச்சுன்னு எழுதியிருக்கார்.

அப்புறம் மனுஷன் ஒரு கணக்கு போட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. ஒரு மைல் அகலக் கூட்டம், நிமிஷத்துக்கு ஒரு மைல் வேகம், மூணு மணி நேரம். மொத்தம் 180 சதுர மைல். சதுர கெஜத்துக்கு ரெண்டு புறா. விடை 111 கோடியே 51 லட்சத்து 36 ஆயிரம். அது ஒரே ஒரு கூட்டம்.

இப்ப என் கணக்கைக் கேளுங்க. மசில் லோடரால நிமிஷத்துக்கு ஒரு வெடின்னு வச்சுப்போம். கூட்டம் அவ்வளவு நெருக்கமா இருந்ததால குறி பார்க்கத் தேவையே இல்ல, ஒரு வெடிக்குப் பத்து புறா விழுதுன்னு தாராளமாவே வச்சுப்போம். சோறு தூக்கம் இல்லாம ஒருத்தர் சுட்டா, ஆடுபான் பார்த்த அந்த ஒரு கூட்டத்தை முடிக்க 212 வருஷம் ஆகும்.

கென்டக்கியிலேயே கிரீன் ரிவர் பக்கம், புறாக்கள் ராத்திரி வந்து அடையுற ஒரு காட்டுக்கும் ஆடுபான் போயிருக்கார். தீப்பந்தம், கந்தகப் பானை, நீளக் கழி, துப்பாக்கின்னு ஜனங்க காத்திருந்தாங்க. இறக்கைச் சத்தத்துல துப்பாக்கி வெடிச்சதே காதுல விழல. ஆளுங்க திரும்பக் கெட்டிக்கிறதைப் பார்த்துத்தான் சுட்டிருக்காங்கன்னே அவருக்குத் தெரிஞ்சுதாம். அந்த ஒரு நிமிஷ வேலை அங்க அப்படியே கண்ணுக்குத் தெரியுது. விழுந்த புறாக்களைத் தின்னக் கொடுக்க, நூறு மைலுக்கு அப்பாலிருந்து ரெண்டு விவசாயிகள் 300 பன்றிகளை ஓட்டிட்டு வந்திருந்தாங்க. மனுஷங்க தின்னு தீர்க்க முடியல. உப்பு போட்டு வச்சும் மிச்சம். கொடூரம்தான், சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கொடூரத்துக்கு ஒரு எல்லை இருந்துச்சு. புறா எங்க இறங்கும்னு தெரியாது, அடிச்சதை எடுத்துட்டுப் போகவும் வழி கிடையாது.

அந்த ரெண்டையும் தீர்த்து வச்சது துப்பாக்கி செஞ்சவங்க இல்ல, எங்க ஆளுங்க. 1844-ல மோர்ஸோட தந்தி வந்துச்சு. அடுத்த இருபது வருஷத்துல ரயில் பாதை காட்டோரம் வரைக்கும் நீண்டுச்சு. புறாக் கூட்டம் எங்க கூடு கட்டுதுன்னு ஸ்டேஷன்லேருந்து ஒரு தந்தி போகும். புறா பிடிக்கிறதையே தொழிலா வச்சிருந்தவங்க அடுத்த ரயில்ல வந்து இறங்குவாங்க. அவங்களுக்குத் துப்பாக்கிகூட ரெண்டாம் பட்சம்தான், வலைதான் முக்கியம். கண்ணைத் தைச்ச ஒரு புறாவை முக்காலி மாதிரி ஒண்ணுல கட்டி, அதைப் படபடக்க வச்சு மத்ததைக் கீழ இறக்குவாங்க. பிடிச்சதெல்லாம் பீப்பாயில ஐஸோட நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் போயிடும்.

1871-ல விஸ்கான்சின் மாகாணத்துல 850 சதுர மைல் பரப்புல புறாக்கள் கூடு கட்டினதா சொல்றாங்க. 1878-ல மிச்சிகன் மாகாணத்துல பெட்டாஸ்கி ஊர்ப் பக்கம் கட்டினதுதான் கடைசிப் பெருங்கூட்டங்கள்ல ஒண்ணு. இந்தப் புறா ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூட்டத்தோட எண்ணிக்கைதான் அதுக்குப் பாதுகாப்பு. எந்தப் பருந்தும் நரியும் தின்னு தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே இடத்துல குவியுறது. இரையாகாம இருக்க அது கண்டுபிடிச்ச அந்த வழியே, தந்தி வந்தப்புறம் அதைக் காட்டிக்கொடுத்துடுச்சு. ஓக், பீச் காடுகள் வெட்டப்பட்டதும் சேர்ந்துக்குச்சு.

1857-லேயே ஒஹாயோ மாகாண செனட்டுல இதைப் பாதுகாக்கணுமான்னு ஒரு குழு பார்த்துச்சு. தேவையில்லன்னு அறிக்கை கொடுத்தாங்க. அவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க கண்ணு முன்னாடி வானம் நிறையப் புறா இருந்துச்சு.

துப்பாக்கி சுடுற கிளப்புகளுக்கும் உயிருள்ள புறாவை ஆயிரக்கணக்குல ரயில்ல அனுப்பினாங்க. அதுக்குப் பதிலா 1880-ல ஜார்ஜ் லிகாவ்ஸ்கிங்கிறவர் மண் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அவரும் சின்சினாட்டிக்காரர்தான். நான் ஆறுல அஞ்சு தவறவிட்டேனே, அந்தத் தட்டு.

நான் பார்க்கிற வேலை என்னன்னா, எந்தச் சந்தையில எந்தச் சரக்கு வந்து இறங்கியிருக்குன்னு வாங்குறவங்க ஃபோனுக்கு உடனே சொல்ற மென்பொருள். ஒரு நோட்டிஃபிகேஷன் முன்னாடி நாற்பது நொடி எடுத்துச்சு. மூணு நொடிக்குக் கொண்டுவந்ததுக்குப் போன வருஷம் எனக்குப் பாராட்டு மெயில் வந்துச்சு. மீனும் அந்தச் சரக்குப் பட்டியல்ல இருக்கு. அந்த நினைவுக்கூடத்துல நிக்கும்போது எனக்கு அந்த மெயில்தான் ஞாபகம் வந்துச்சு. தந்தி அடிச்ச ஸ்டேஷன்காரர் ஒரு புறாவைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். ‘ரயில் ஓட்டினவனும் அப்படித்தான்’னு மட்டும் சொன்னார்.

காட்டுல கடைசியா சுடப்பட்டதுன்னு ரொம்ப நாள் நம்பப்பட்ட புறா, 1900 மார்ச்ல அதே ஒஹாயோவுல ஒரு பதினாலு வயசுப் பையன் சுட்டது. பாடம் பண்ணினப்ப கண்ணாடிக் கண் கிடைக்காம ஷூ பொத்தானை வச்சுத் தைச்சாங்க. அதனால அதுக்குப் பேரே ‘பட்டன்ஸ்’. கடைசியில மிஞ்சினது கூண்டுல இருந்ததுங்க மட்டும்தான். அதுலயும் கடைசி, சின்சினாட்டியில இருந்த மார்த்தாங்கிற பெட்டை. 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி மத்தியானம் கூண்டுல செத்துக் கிடந்துச்சு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கெடாம அனுப்பணுமே. 136 கிலோ ஐஸ் கட்டிக்குள்ள வச்சு, வாஷிங்டனுக்கு ரயில்ல ஏத்தினாங்க.