வேட்டை விலங்குகளைப் பாடம் செய்தல்: செய்முறையும் காலமும் – விருதுநகர் மாவட்டக் காடுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வேட்டையில் வீழ்ந்த விலங்கின் தோலைக் கெடாமல் காத்து, உயிருள்ளது போன்ற உருவமாக நிறுத்தும் கலை தமிழில் ‘பாடம் செய்தல்’ எனப்படுகிறது. அதன் படிநிலைகளையும், ஒவ்வொன்றிற்கும் வேண்டிய காலத்தையும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அது அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாடம் செய்தல், வேட்டை, வான் இங்கன், திருவில்லிபுத்தூர், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்

முன்னுரை

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வறண்ட வானிலையைத் துணையாகக் கொண்டு வளர்ந்தவை. அந்நகருக்கு மேற்கே திருவில்லிபுத்தூர் மலைத்தொடர் எழுகிறது. வரையாடு, சாம்பல் நிற மலை அணில், சிறுத்தை, புலி ஆகியவை வாழும் காடு அது. இராசபாளையத்தின் பெயர் தாங்கிய நாயினம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது என்பது, இப்பகுதியில் வேட்டை பெற்றிருந்த இடத்தைக் காட்டும்.

‘பாடம்’ என்னும் சொல் புகையிலையைப் பக்குவப்படுத்துவதற்கும் வழங்குகிறது. கெடும் இயல்புடைய பொருளைக் காலம் கொடுத்து நிலைபெறச் செய்தல் என்பதே இரு வழக்குகளுக்கும் பொதுவான கருத்தாகும்.

காட்டில் கழியும் முதல் நாள்

பாடம் செய்தலின் வெற்றி பட்டறையில் அன்று, காட்டிலேயே முடிவாகிறது. வெப்பமிக்க நிலத்தில் விலங்கு இறந்த சில மணி நேரத்திலேயே நுண்ணுயிரிகள் தோலைத் தாக்கத் தொடங்குகின்றன. மயிர்க்கால்கள் தளர்ந்து மயிர் உதிர்ந்துவிட்டால் அதைப் பின்னர் எவராலும் சீர்செய்ய இயலாது. ஆகவே, உடலின் நீளத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொண்டு உடனே தோலை உரிக்க வேண்டும். காது, உதடு, பாதம் ஆகியவற்றின் உட்புறத்தையும் பிரித்து உப்புத் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் காய்ந்த தோல் மேலே இறுகி உள்ளே அழுகும்.

பட்டறையில் நிகழ்வன

செருப்புத் தோல் பதனிடுவோர் சுண்ணாம்பிட்டு மயிரை நீக்கிய பின் ஆவாரம் பட்டை போன்ற துவர்ப்பொருள்களில் தோலை ஊறவைப்பர். பாடம் செய்வோருக்கு மயிரே முதன்மையானது. எனவே அவர்கள் சுண்ணாம்பைத் தவிர்த்து, உப்பும் படிகாரமும் கலந்த நீரைப் பயன்படுத்தினர். தோலை ஊறவைத்தல், உட்புறச் சதையைச் சுரண்டி மெலிதாக்குதல், பதனிடுதல் ஆகியவை சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நீளும்.

அடுத்து, குறித்த அளவுகளுக்கேற்ப உடல் உரு அமைக்கப்படுகிறது. பழைய காலத்தில் வைக்கோல் அடைத்தனர். பின்னர் காகிதக்கூழ் உருக்களும், இக்காலத்தில் நுரைப்பொருள் உருக்களும் வந்தன. கண்ணாடிக் கண்களைப் பொருத்திக் களிமண்ணால் முகத் தசைகளை வடித்து, தோலைப் போர்த்தித் தைக்கின்றனர். உலரும்போது தோல் சுருங்குவதால், உதடும் இமையும் விலகாதபடி ஊசிகளால் பிணித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறுதியில் மூக்கு, உதடு ஆகியவற்றில் மறைந்த நிறம் தீட்டப்படும்.

ஆக, வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் காலமே மிகுதி. முன்னர் வந்த தோல்களின் வரிசையும் சேர்வதால், ஓர் உருவம் உரிமையாளர் கைக்கு வரப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

மைசூர்ச் சான்று

தென்னிந்தியாவில் இத்தொழிலின் தலையிடமாக விளங்கியது, 1900 அளவில் யூஜின் வான் இங்கன் தொடங்கி அவர் மைந்தர்கள் வளர்த்த மைசூர் நிறுவனம். வெவ்வேறு அளவுகளில் அச்சுகளை ஆயத்தமாக வைத்து, காகிதக்கூழ் உருக்களை வார்த்தெடுத்தமையே அதன் வேகத்திற்குக் காரணம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைத் தோல்கள் அங்குக் கையாளப்பட்டதாக அந்நிறுவன வரலாற்றை ஆராய்ந்த பேட் மோரிஸ் கணக்கிட்டுள்ளார். கைத்திறனின் பெருமையும் காடுகளின் இழப்பும் இவ்வெண்ணில் ஒருங்கே பதிவாகியுள்ளன. 1999இல் நிறுவனம் மூடப்பட்டது.

சட்டமும் இன்றைய நிலையும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்ததோடு, பாடம் செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்றும் விதித்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் பழைய உருவத்தை வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் தேவை. அதனை விற்பது குற்றம். மரபுரிமையாக மட்டுமே அது கைமாறலாம்.

திருவில்லிபுத்தூர்க் காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைப்படி, காப்பகத்தில் இறக்கும் புலியின் உடல் கூறாய்வுக்குப் பின் எரிக்கப்படுகிறது. தோலும் நகமும் கள்ளச்சந்தைக்குச் செல்லாதிருப்பதே இதன் நோக்கம்.

இக்கலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009இல் தொடங்கப்பட்ட மையத்தில், இயற்கையாக இறந்த விலங்குகள் கல்விக்காகப் பாடம் செய்யப்படுகின்றன.

முடிவுரை

பாடம் செய்தலின் படிநிலைகள் பெரிதும் மாறவில்லை. அதன் நோக்கமே மாறியுள்ளது. வேட்டையாடியவரின் வெற்றிச் சின்னமாக இருந்தது இன்று மாணவருக்குப் பாடமாக நிற்கிறது. பழைய வீடுகளில் எஞ்சியுள்ள உருவங்களுள் பலவற்றில் ஆர்செனிக் நஞ்சு பூசப்பட்டிருக்கலாம் என்பதால், அவற்றை வெறுங்கையால் தொடாது, சான்றிதழுடன் பேணுதல் வேண்டும். ஓர் உருவத்தை நிறுத்த மாதங்கள் போதும். அவ்விலங்கைக் காட்டில் மீண்டும் நிறுத்தத் தலைமுறைகள் வேண்டும்.