டிரம் சுத்தலையா? மோட்டாரை மாத்தும் முன் சென்சாரைப் பாருங்க!

திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கும் நாள். அன்றைக்குப் பார்த்து வாஷிங் மெஷின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, டிரம்மை ரெண்டு முறை லேசாக அசைத்துவிட்டு, எரர் காட்டி நின்றுபோனால்? "மோட்டார் போச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிவிடாதீங்க. சில நூறு ரூபாய் சென்சார்கூட காரணமாக இருக்கலாம்.

சென்சாருக்கு என்ன வேலை?

பெல்ட் இல்லாத 'டைரக்ட் டிரைவ்' மெஷின்களில், டிரம்முக்குப் பின்னால் காந்தங்கள் பதித்த ரோட்டர் சுற்றுகிறது. காந்தங்கள் கடந்து செல்லச் செல்ல, 'ஹால் சென்சார்' போர்டுக்கு சிக்னல் அனுப்பும். 1879-ல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான் இதன் அடிப்படை. ரோட்டர் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரியாவிட்டால் போர்டு மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் நன்றாக இருந்தாலும் மெஷின் ஓடாது.

பெல்ட்டும் கார்பன் பிரஷ் மோட்டாரும் உள்ள மெஷின்களில் இதே வேலையை 'டாக்கோ' காயில் செய்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* துணியைக் குறைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்க. ஓவர்லோடுக்கும் இதே எரர் வரலாம்.
* பிளக்கைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றுங்க. இறுகி இருந்தால் பேரிங் கோளாறோ, உள்ளே ஏதாவது சிக்கியதோ காரணமாக இருக்கலாம்.
* லேசாகச் சுற்றினால், வயரை எலி கடித்திருக்கிறதா, கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க.
* டாக்கோ காயிலை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து அளக்கலாம். ரீடிங்கே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. ஹால் சென்சாரில், மின்சாரம் இருக்கும்போது ரோட்டரைக் கையால் சுற்றினால் சிக்னல் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனை என்பதால், இதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்க.

மாற்றுவது எப்படி?

பிளக்கைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். போர்டில் உள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பின்மூடியைத் திறந்து, நடு போல்ட்டைக் கழற்றி ரோட்டரை இழுத்தால், ஸ்டேட்டரில் கிளிப் போட்டு மாட்டிய சென்சார் தெரியும். வயரைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா திருப்பி மாட்டும்போது குழப்பம் வராது. புது சென்சாரை மாடல் நம்பர் சொல்லித்தான் வாங்கணும். வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீங்க.

என்ன கேட்கணும்?

"சென்சாரை டெஸ்ட் பண்ணீங்களா, ரீடிங் என்ன?" என்று கேளுங்க. மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கையில் வாங்கிக்கோங்க. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. பொருட்களைப் பழுது பார்ப்பது, உதிரிபாகங்கள் பற்றிய தகவல்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. சர்வீஸில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.