புதுத் தொட்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது?

மும்பையில் நம்மவர் வீடுகளுக்குப் போனால், டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டியைப் பார்க்கலாம். இரண்டறை ஃபிளாட்டில் நாய் வளர்க்க இடமில்லை. தோட்டம் போட மண்ணில்லை. பிள்ளைகளின் ஆசைக்கு மிஞ்சியிருப்பது மீன்தான். கிராஃபோர்டு மார்க்கெட்டிலோ குர்லாவிலோ வாங்கி வருகிறோம். சென்னைக் கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் பல ஊர்களுக்கும் போகின்றன என்பதால், நம் தொட்டியில் நீந்துவதும் நம்மூர்க்காரராகவே இருக்கக்கூடும்!

பல ஆண்டுகளாக மீன் வளர்த்து வருகிறேன். அதனால் சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், புதுத் தொட்டி. எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும்?" ஒரு கடைக்காரர் வாரா வாரம் எல்லாவற்றையும் கழுவச் சொல்கிறார். இன்னொருவர் மாதம் ஒருமுறை போதும் என்கிறார். அடுத்த வீட்டுக்காரரோ தொடவே தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். பத்து வயதுப் பெண்ணின் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டியும் ஆறு தங்க மீன்களும் வாங்கினார்கள். பத்து நாளில் நான்கு மீன்கள் போய்விட்டன. தண்ணீரோ பளிங்கு போல இருந்தது. அந்தக் குழந்தை என்னிடம், "அங்கிள், நான் சாப்பாடு கரெக்டாத்தானே போட்டேன்?" என்று கேட்டாள். "உன் மேல் தப்பில்லை அம்மா" என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறமில்லை, மீனைக் கொல்லும் அளவில்கூட நம் மூக்குக்கு வாடை தெரியாது. பழைய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். இன்னொரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் அது குறைந்துவிடும்.

புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதிய அளவில் இல்லை. பாலைக் கெடுக்கும் பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிக்கும் என்றால், இவை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆகவே தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரங்கள் தேவை. முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும்; அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும்; பிறகு இரண்டுமே பூஜ்யத்துக்கு வரும். இதைத்தான் 'சைக்கிளிங்' என்கிறார்கள்.

உறை மோர் எங்கே இருக்கிறது?

"தண்ணீரை மாற்றினால் நல்ல பாக்டீரியாவும் போய்விடுமே?" என்பார்கள். போகாது. தயிருக்கு உறை மோர் போன்றவை இந்தப் பாக்டீரியாக்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: இவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தண்ணீரைக் கொட்டினால் உறை போகாது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால்தான் போகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். வாரா வாரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவும் வீட்டில் தொட்டி என்றைக்கும் புதுத் தொட்டியாகவே இருக்கும். அந்த மூன்றாவது மாடி வீட்டில், கடைக்காரர் சொன்னபடி நடந்ததும் அதுவே.

முதல் வாரத்தில் தண்ணீர் பால் போலக் கலங்கினாலும் பயப்பட வேண்டாம். அது வேறு வகைப் பாக்டீரியா பெருகுவதால் வருவது. முழுத் தண்ணீரையும் மாற்றினால் திரும்பவும் கலங்கும். விட்டுவிட்டால் சில நாளில் தெளியும்.

கணக்கு இதுதான்

நாள்காட்டியைப் பார்த்து மாற்றக் கூடாது. அளந்து பார்த்து மாற்ற வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து போன்ற டெஸ்ட் கிட் கிடைக்கிறது. செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

மீன் விட்ட தொட்டியானால் தினமும் அளவு பாருங்கள். இரண்டும் 0.25 பி.பி.எம். வரை இருந்தால் கைவைக்க வேண்டாம். 0.25-க்கும் 0.5-க்கும் இடையில் என்றால் கால் பங்கு மாற்றுங்கள். 0.5-ஐத் தாண்டினால் பாதி மாற்றிவிட்டு மறுநாளும் பாருங்கள். பாதித் தண்ணீர் மாற்றினால் நஞ்சும் பாதியாகும், கணக்கு அவ்வளவுதான். நடைமுறையில் முதல் மூன்று நான்கு நாள் வேலை இராது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும், உச்சத்தில் தினமும்கூட. ஐந்தாறு வாரத்தில் இரண்டும் பூஜ்யம் காட்டினால், அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு போதும்.

கிட் இல்லாதவர்கள் முதல் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு மாற்றுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கற்கள் போகச் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். கால் பங்கு என்பது ஏறக்குறைய ஒரு பக்கெட். தீனியும் குறைவாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே.

மீன் விடாமலே, தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டுத் தொட்டியைப் பக்குவப்படுத்துவது இன்னும் நல்லது. அதில் இடையில் தண்ணீர் மாற்றும் வேலை அநேகமாக இல்லை. கடைசியில் பாதிக்கு மேல் மாற்றிவிட்டு, இரண்டு மூன்று ஸீப்ரா டேனியோ போன்ற சிறு மீன்களை விடலாம். தங்க மீன் பார்க்க அழகு. ஆனால் கழிவு அதிகம். அதைப் புதுத் தொட்டியில் விட வேண்டாம்.

மும்பைத் தண்ணீர்

நமக்குத் தான்சா, வைதர்ணா, பாத்சா ஏரிகளிலிருந்து வருவது மென்மையான தண்ணீர். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட் தீர்ந்துகொண்டே வரும். மென்நீரில் அந்தக் கையிருப்பு குறைவு. அது தீர்ந்தால் பி.ஹெச். சரிந்து பாக்டீரியாவே வேலை நிறுத்தம் செய்துவிடும்! இடையிடையே கொஞ்சம் புதுத் தண்ணீர் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் கட்டிடங்களில் கதை வேறு. அங்கே பி.ஹெச். பெரும்பாலும் அதிகம். பி.ஹெச். 7-இல் இருப்பதைவிட 8-இல் அதே அம்மோனியாவின் நஞ்சுப் பகுதி ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அங்கே 0.5 வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுங்கள்.

எந்தத் தண்ணீரானாலும் குழாயிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். காலையில் தண்ணீர் வரும்போது பக்கெட்டில் பிடித்து ஒருநாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடைகளில் 'ஆன்டி குளோரின்' சொட்டு கிடைக்கும். மழைக்காலத்தில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாட்களில் இரட்டைக் கவனம் வேண்டும்.

ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு

ஏப்ரலில் தொட்டி வாங்கிவிட்டு மே மாதம் ஊருக்குக் கிளம்பாதீர்கள். முதல் ஆறு வாரம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தபின் தொடங்கினால் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதி வைப்பார்கள். மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்கள் தண்ணீரைச் சுமக்க வேண்டாம். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி, மூடி இறுக்காமல், சீக்கிரம் கொண்டு போங்கள்.

மூன்றாவது மாடித் தொட்டியில் அன்றே பாதித் தண்ணீரை மாற்றினோம். என் பழைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சும் வைத்தேன். அம்மோனியா இறங்கும்வரை அந்தக் குழந்தையே தினமும் அளந்தாள். மிஞ்சிய இரண்டு மீன்களும் பிழைத்தன.

தயிருக்கு உறை தீர்ந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது நம் வழக்கம். புதுத் தொட்டி வைப்பவர்களும் அப்படியே செய்யலாம். ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேளுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகக் குறையக்கூடும்.