ரிமோட்டின் பேச்சைக் கற்கும் பெட்டி

டிவி ரிமோட்டின் முனையிலுள்ள சின்னக் குமிழைக் கைபேசிக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேமராத் திரையில் மட்டும் வெளிர் ஊதா ஒளி படபடவென்று துடிக்கும். சில பின்பக்கக் கேமராக்கள் இதை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி அது. ரிமோட் பேசும் பேச்சு முழுவதும் அந்தத் துடிப்புக்குள்தான் இருக்கிறது.

ஒளியை வைத்து டிவியை இயக்கும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி 1955இல் செய்த ஃபிளாஷ்மாட்டிக், டார்ச் விளக்கு மாதிரியான ஒரு கருவி. டிவியின் மூலைகளில் ஒளி விழுந்தால் சேனல் மாறும். ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் மாறியது! இன்றைய ரிமோட் அந்தச் சிக்கலைத் தாளத்தால் தீர்க்கிறது. செய்தி போகும்போது ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை அணைந்து எரிகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, ஆனால் அதற்கு இந்தத் தாளம் இல்லை. அதனால் டிவிக்குள் இருக்கும் உணரி அதைப் பொருட்படுத்துவதில்லை.

பரவலாகப் பயன்படும் என்ஈசி முறையில், முதலில் 9 மில்லிநொடி நீளமான ஒரு துடிப்பு, பிறகு 4.5 மில்லிநொடி மௌனம். அடுத்து 32 பிட்கள். குட்டை இடைவெளி விட்டால் சுழி, நீண்ட இடைவெளி விட்டால் ஒன்று. எந்தக் கருவிக்கு, என்ன கட்டளை என்ற இரண்டும் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை போகின்றன. பிழை நேர்ந்தால் கண்டுபிடிக்க இது உதவுகிறது. எல்லாம் சுமார் 68 மில்லிநொடியில் முடிந்துவிடும்.

இந்தப் பேச்சைக் கேட்டு, நினைவில் வைத்து, வேண்டும்போது திருப்பிச் சொல்லும் பெட்டிக்குப் பெயர் ஐஆர் பிளாஸ்டர். கடையில் வாங்கலாம். கைவேலை தெரிந்தவர்கள் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு, ஓர் அகச்சிவப்பு எல்இடி, ஒரு டிரான்சிஸ்டர், மூன்று கால் உணரி ஆகியவற்றை வைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு எல்இடியைச் சில்லின் காலிலேயே நேராக இணைத்தால் ஒளி வலுவிழந்து, அறையின் மறுகோடிக்கு எட்டாது. பெட்டியை ஹோம் அசிஸ்டன்ட் போன்ற கன்ட்ரோலர் மென்பொருளோடு சேர்த்துவிட்டால், பத்து வருடப் பழைய ஏசியும் நேரம் பார்த்து ஓடும், குரலுக்குக் கட்டுப்படும். நன்றாக ஓடும் இயந்திரத்தை ‘ஸ்மார்ட்’ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழிப்பது வீண்செலவு.

ஏசி விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிவி ரிமோட் ‘சத்தம் ஒரு படி கூட்டு’ என்று மட்டும் சொல்லும். பெரும்பாலான ஏசி ரிமோட்கள் அப்படியல்ல. 24இலிருந்து 25க்கு ஏற்ற ஒரு பொத்தானை அழுத்தினால், ‘ஓடு, குளிரூட்டு, 25 டிகிரி, விசிறி நடுத்தர வேகம், காற்றைத் திருப்பும் தகடு ஆடட்டும்’ என்று முழு நிலையையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். கணக்கு வைத்திருப்பது ரிமோட்தான். ஆகவே கூட்டல் பொத்தானைப் பதிவு செய்து வைப்பவருக்கு எப்போது அழுத்தினாலும் அதே 25தான் கிடைக்கும். மாறாக, ‘24 டிகிரி, மெதுவான விசிறி’ என்று ரிமோட்டில் அமைத்து, அந்த முழுச் செய்தியையும் பதிவு செய்தால், ஏசி முன்பு எந்த நிலையில் இருந்திருந்தாலும் அந்த நிலைக்கு வந்துவிடும்.

டிவியின் பவர் பொத்தான் இதற்கு நேர்மாறு. போடுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே குறி. இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைக்கும்படி கன்ட்ரோலரை அமைத்திருப்பார்கள். அன்றைக்கு வீட்டில் யாரோ முன்பே டிவியை அணைத்திருந்தால், பத்து மணிக்கு அது தானாக ஓடத் தொடங்கும். சாதாரண ஐஆர் ரிமோட் பேசுமே தவிர, பதில் வாங்காது. டிவி அணைந்ததா என்று கன்ட்ரோலருக்குத் தெரிய வழியே இல்லை. மின் நுகர்வை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் டிவியைச் செருகுவது நல்ல தீர்வு. ஓடும் டிவி பல வாட் இழுக்கும், அணைந்தது மிகச் சொற்பம். அதைப் பார்த்துவிட்டுக் கட்டளையை அனுப்பலாம். சில டிவிகளுக்கு, ரிமோட்டில் பொத்தானே இல்லாத தனித்தனி ‘ஆன்’, ‘ஆஃப்’ குறிகளும் உண்டு. தேடிப் பார்ப்பது நல்லது.

வீட்டுப் பெரியவர்கள் பழைய ரிமோட்டை விடமாட்டார்கள், விடவும் வேண்டாம். ஏசி இருக்கும் அறையிலேயே உணரியையும் வைத்தால், அவர்கள் அழுத்துவதைக் கன்ட்ரோலரும் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

இந்த ஒளி சுவரைத் தாண்டாது. அறைக்கு ஒரு பெட்டி வேண்டும். மூடிய மர அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸ் இருந்தால், கம்பியோடு வரும் குட்டி எல்இடியை அதன் முகப்பிலேயே ஒட்ட வேண்டியிருக்கும். அறைக்குள்ளேயே மூலை மறைந்தால் வெள்ளைச் சுவர் கைகொடுக்கிறது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே பல அறைகளில் போதும்.

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய ஏசி உள்ள வீட்டிலும் மூன்று செய்திகளைப் பதிவு செய்தால் ஓர் இரவு ஓடிவிடும்: பதினொரு மணிக்கு 24, விடியற்காலை மூன்றுக்கு 27, ஐந்தரைக்கு ஏசி அணைப்பு. மின்விசிறிக்கும் ரிமோட் இருந்தால், அதே ஐந்தரைக்கு அதைச் சுழலவிட இன்னொரு செய்தி.