செண்பகனூரில் கற்ற வசந்த வைத்தியம்

பங்குனி பிறந்து பத்து நாள் ஆவதற்குள்ளேயே மதுரையில் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. "கூட்டம் சேருவதற்கு முன்னால் மலைக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாமே!" என்றாள் என் சகதர்மிணி. அவள் சொல்லி நான் எதை மறுத்திருக்கிறேன்? பெண்ணையும் நாலு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வத்தலக்குண்டைத் தாண்டி, வளைந்து வளைந்து மேலே ஏறினால், கொடைக்கானலுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது வெள்ளி நீர்வீழ்ச்சி வருகிறது. வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், பேரன் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு ஓடினான். நல்லவேளை, எட்டிப் பிடித்துவிட்டேன். பார்க்க வெள்ளிதான், ஆனால் அது கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்து வரும் தண்ணீர். ஊரைச் சுற்றிக்கொண்டு வரும் ஜலத்தைக் கண்ணால் பருகலாமே தவிர, வாயால் பருகக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் கூஜாவில் இருந்தது. அதைக் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலேதான் செண்பகனூர். அங்கே ஒரு சிறு வீட்டில் ஒரு வாரம் தங்க ஏற்பாடு. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம் என்றால், செண்பகனூர் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனாலும் பங்குனி மாதத்து மலை ஒரு பொல்லாத பேர்வழி. பகலில் சுள்ளென்று வெயில் அடித்து ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும். சூரியன் மறைந்ததும் முதுகில் ஐஸ் கட்டியை வைத்தாற்போல் நடுங்க வைக்கும். உதடு வெடிக்கும், தொண்டை வறளும். கீழே இருந்து வருகிறவர்களுக்கு முதலில் வருவது உல்லாசம். இரண்டாவதாக வருவது ஜலதோஷம்.

எங்கள் பேரனுக்கும் வந்தது.

தைலப் புட்டி

இரண்டாம் நாள் சாயங்காலம் பையன் லொக்கு லொக்கென்று இருமினான். கடைவீதியில் வாங்கிய யூகலிப்டஸ் தைலத்தை என் மனைவி எடுத்தாள். மார்பில் தடவப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கரண்டியில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு, "இதில் நாலு சொட்டு விட்டு உள்ளுக்குக் கொடுத்தால் சளி கரைந்துவிடுமாம். பக்கத்து வீட்டு மாமி சொன்னாள்" என்றாள்.

அந்தச் சமயம் பால் கொண்டு வந்த கிழவி வாசற்படியிலேயே செம்பை வைத்துவிட்டு உள்ளே பாய்ந்து வந்தாள்.

"வேண்டாந் தாயி, வேண்டாம்! அது மேலுக்குத் தொடுற சாமான். உள்ளே போனா பிள்ளை சுருண்டு போகும்!"

"ஏன் பாட்டி, இலையிலிருந்து எடுத்ததுதானே? இயற்கை மருந்துதானே?" என்றாள் என் பெண்.

"ஊமத்தங்காயும் இயற்கைதான் ஆத்தா. தின்பியா?"

என் பெண்ணிடம் இதற்குப் பதில் இல்லை. கிழவி சொன்னது முற்றிலும் சரி. ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலம் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். "நாலு சொட்டு" என்பது இருட்டில், பதற்றத்தில், எத்தனை சொட்டாகும் என்று யார் கண்டது? மருந்தென்றாலும் தைலப் புட்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டிய வஸ்து.

கிழவி அடுப்படிக்குப் போய் மிளகு, சீரகம், நாலு பல் மலைப்பூண்டு தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தாள். குழைந்த சாதத்தில் அதை ஊற்றிப் பிசைந்து, வெதுவெதுப்பாக ஊட்டச் சொன்னாள். படுக்கும்போது அரை ஸ்பூன் தேன். "தாகத்துக்கு வெந்நீர் கொடுத்துக்கிட்டே இருங்க. தலைமாட்டை உசத்திப் படுக்க வையுங்க" என்றாள்.

பிறகு பையனின் சட்டையைத் தூக்கி, மார்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கிறீர்கள் பாட்டி?"

"மூச்சைப் பார்க்கிறேன். விலா உள்ளே வாங்கினாலோ, மூச்சு வேகமா ஓடினாலோ என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். முப்பது வருசம் ஆச்சு தாயி. என் தங்கச்சி மகன். இந்த வயசுதான். எல்லாக் கசாயமும் கொடுத்தோம். பஸ் ஏத்தினதுதான் லேட்டு."

செம்பை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அன்றிரவு என் மனைவியும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு பையனின் மூச்சை எண்ணினார்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை, அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கணக்கு. எங்கள் பையனுக்கு அந்த எண்ணிக்கை வரவில்லை. மூன்றாம் நாள் இருமலும் ஓடிப்போயிற்று.

எந்தச் செடி?

செண்பகனூருக்குப் போய்விட்டு இயேசு சபைப் பாதிரிமாரின் திரு இருதயக் கல்லூரியைப் பற்றிச் சொல்லாமல் வரலாமா? 1895ல் ஏற்பட்டது அது. அங்குள்ள இயற்கைப் பொருள்களின் காட்சிசாலை பல தலைமுறைகளாகப் பிரசித்தம். பிரான்சிலிருந்து வந்த லூயி அங்லாட் என்ற பாதிரியார் பழனி மலையின் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். இந்த மலையிலுள்ள ஆதிகாலக் கற்பதுக்கைகளைப் பற்றி நியூட்டன் என்ற பாதிரியாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1928ல் வெளிவந்தது. செண்பகனூரில் உள்ள இயற்கை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அவருக்குப் பின் வந்த மாத்யூ பாதிரியார், கொடைக்கானலில் வேரூன்றிவிட்ட அந்நியச் செடிகளைப் பற்றி 1969ல் ஒரு நூல் எழுதினார். பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றிய பெரிய நூலை 1999ல் வெளியிட்டார்.

செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, காகிதத்தில் ஒட்டி, எந்த ஊரில் எந்தத் தேதியில் பறித்தது என்று எழுதி வைப்பது இவர்களுடைய வேலை. "வேலையற்ற வேலை!" என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு செடியின் முகத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்பது மருந்துக்காக அதைப் பறிக்கும்போதுதான் புரியும். "கற்பூரவல்லி வாங்கி வா" என்று சொல்லி அனுப்பிப் பாருங்கள். ஒருவர் இருமலுக்கான தடித்த இலையைக் கொண்டு வருவார். இன்னொருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நிற்பார்! இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

இந்த மாறாட்டம் சிரிப்போடு போய்விடும். எல்லா மாறாட்டமும் அப்படிப் போவதில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைச் சர்க்கரைவள்ளி போன்ற கிழங்கென்று நினைத்துச் சமைத்துத் தின்றவர்கள் உண்டு. இலங்கையிலும் இந்தத் தவறு நடந்து உயிர்ச் சேதம் ஏற்பட்டிருக்கிறது. கொடைக்கானல் சாலையோரத்தில் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்களைப் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த அழகி நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. தொட்டு விளையாடிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்குவதுகூட ஆபத்து. ஆகையால், செடியின் முகம் தெரியாமல் அதை வாயில் போடாதீர்கள்.

பருவத்தின் பரிசு

அப்படியானால் வசந்த காலத்தில் எதைத்தான் சாப்பிடுவது? கவலை வேண்டாம். அந்தந்தப் பருவத்துக்கு வேண்டியதை அந்தந்தப் பருவமே கொண்டு வருகிறது.

மலையில் பீச்சும் பிளம்ஸும் மாசி வாக்கில் பூத்து முடித்திருக்கும். பழத்துக்கு வைகாசி வரை பொறுக்க வேண்டும். பங்குனியிலேயே சிவப்பாகக் கண்ணைப் பறித்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் பசுமையாகக் கிடைக்கின்றன. மேல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் அதிகம். சாதாரணப் பூண்டில் பாதி போட்டாலே ரசம் ஊரைக் கூட்டும். கீழ்ப் பழனி மலையின் விருப்பாச்சி வாழைப்பழம் பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிர். முடிக்கொத்து நோய் அந்தத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. மிஞ்சியதை மக்கள் காப்பாற்றி வருகிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

சமவெளியில் வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி, நுங்கு, மாவடு. தாகத்துக்கு நீர்மோர். அதில் இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு. பகல் சாப்பாட்டில் வாழைத்தண்டுப் பச்சடி, ஒரு கீரை. வெட்டி வைத்த பழத்தைச் சாலையோரத்தில் வாங்காமல், முழுப் பழமாக வாங்கிக் கழுவி வீட்டில் நறுக்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். 1971ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இதே முறையில் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிதான்.

எவ்வளவு? யாருக்கு?

சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி செய்யாத வீடு உண்டா? மாங்காய்ப் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, ஒரு கைப்பிடி வேப்பம்பூவின் கசப்பு. பண்டிகைக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. ஆனால் "பூ நல்லது; ஆகவே எண்ணெயும் நல்லது" என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் அப்படி வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதை அங்குள்ள டாக்டர்கள் 1981ல் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். மரம் ஒன்றுதான், பூ வேறு, எண்ணெய் வேறு.

அளவைப் போலவே ஆளும் முக்கியம். எங்கள் பேரனுக்கு இதம் தந்த அதே தேனை ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து, நரம்புகளைத் தளர்த்திவிடலாம். வெல்லப் பானகம் வெயிலுக்கு அமிர்தம். சர்க்கரை வியாதிக்காரருக்கு அமிர்தமல்ல. மாவடு ருசியானதுதான், ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அதன் உப்பு ஆகாது.

இந்தப் பருவத்தில் அம்மை வருவதும் உண்டு. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975லேயே போயிற்று. உலகத்தை விட்டே ஒழிந்ததென்று 1980ல் அறிவித்தார்கள். இப்போது வருவது பெரும்பாலும் சின்னம்மை. வேப்பிலை கட்டுங்கள், இளநீர் கொடுங்கள், தடையில்லை. ஆனால் அம்மை கண்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; அது மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோயில் கொண்டுவிடலாம். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளி வைத்து, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் கிழவி ஒரு துணி முடிச்சில் மலைப்பூண்டு கட்டிக் கொடுத்தாள். காசு கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டாள். "உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பாட்டி!" என்றாள் என் பெண்.

"எனக்குத் தெரியாதது எதுன்னு தெரியும் ஆத்தா. அது போதும்" என்று சிரித்தாள் கிழவி.

மதுரைக்கு வந்ததும் என் மனைவி செய்த முதல் காரியம், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தைலப் புட்டியை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்ததுதான். அலமாரிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். ‘எந்தச் செடி? எவ்வளவு? யாருக்கு?’ என்று மூன்று கேள்விகள். அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், ஆஸ்பத்திரி வண்டிக்கான 108 என்ற எண்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கட்டும்!