ஜூம் டார்ச்சு விளக்கைச் செம்மை செய்தல்

கடைத்தெருவிற் சொற்ப விலைக்கு விற்கப்படும் கைவிளக்குகளுள், முகப்பை முன்னிழுத்தால் ஒளி குவிவதும் பின்தள்ளினால் விரிவதுமாகிய ஒருவகை உண்டு. ஜூம் டார்ச்சு என்று வழங்கும் இதன் உறுப்புக்கள் மிகச் சிலவே: மின்சாரத்தை ஒளியாக்கும் எல்.இ.டி. சில்லு, அதன் முன்னே ஒரு குவிவில்லை, பின்னே பாட்டரி. ஆதலின் சிறிது கைப்பழக்கமுடையார் எவரும் இதனைத் திருத்திக்கொள்ளலாம். பலர் முதலிற் செய்ய முனைவது மின்னோட்டத்தை மிகுவிப்பதாம். அது முறையன்று, காரணம் கூறுவாம்.

முகப்பை முழுதும் முன்னிழுத்து ஒளியைச் சுவரிற் பாய்ச்சிப் பார்க்க. ஆங்குத் தோன்றுவது வட்டமன்று, சதுரம். அது சில்லின் உருவமே. வில்லை அதனைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. சில்லு 2 மில்லிமீட்டர் அகலமும் வில்லையின் குவியத்தூரம் 20 மில்லிமீட்டரும் ஆயின், 50 மீட்டருக்கு அப்பால் அச்சதுரம் 5 மீட்டர் அகலம் பெறும். 1 மில்லிமீட்டர்ச் சில்லாயின் இரண்டரை மீட்டரே, பரப்பிற் காற்பங்கு. இரண்டும் ஒரே அளவு ஒளி தருமாயின், சிறு சில்லின் சதுரம் நான்மடங்கு விளக்கமுறும். நடைமுறையில் சிறு சில்லு சற்றுக் குறைந்தே ஒளிர்தலின் அவ்வளவு கிட்டாது. எனினும் வேறுபாடு கண்ணுக்கு நன்கு புலனாம். தொலைவு வேண்டுவார் சில்லை மாற்றுதலே தக்கது. அச்சில்லு தாங்கும் மின்னோட்டத்தின் எல்லையை முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனி, ஒளி வீணாகும் இடம் ஒன்றுண்டு. 25 மில்லிமீட்டர் விட்டமுடைய வில்லை சில்லினின்று 20 மில்லிமீட்டர் தள்ளி நிற்குங்கால், நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு ஒளியையே அது ஏற்கும். எஞ்சியது குழலின் கரிய உட்சுவரிற் பட்டு மாயும். அச்சுவரில் வெள்ளித்தாள் ஒட்டுவாரும் உளர். அவ்வொளி சிதறிப் பரவுமேயன்றிக் கற்றையிற் சேராது. இடையே மற்றொரு சிறு வில்லை அமைத்தால் ஒளி மிகுதியாகச் சேரும். ஆனால் சதுரம் அகலுமேயொழிய அதன் செறிவு மிகாது. முகப்பைப் பின்தள்ளிய நிலையிலோ வில்லை சில்லை நெருங்குதலால் பெரும்பங்கு ஒளி வெளிப்போதரும். இரவில் வயல்வரப்பில் நடப்பார்க்குக் காலடியிற் கிடக்கும் பாம்பைக் காட்டுவது அவ்விரிந்த ஒளியே. தொலைவிலுள்ள பனையைக் காட்டுவதாற் பயன் என்னை?

நிற்க. தலையாய குறை வெப்பத்தைப் பற்றியது. சில்லு சூடேறுந்தோறும் ஒளி குன்றும். சூடு கடந்தால் சில்லே கெடும். மலிந்த விளக்குகள் பலவற்றில், சில்லைத் தாங்கும் அலுமினியத் தட்டு உள்ளீடற்ற வளையத்தின் விளிம்பில் மட்டும் அமர்ந்திருக்கும். வெப்பம் உடற்குழலுக்குச் செல்ல வழியில்லை. தட்டின்கீழ் அதற்கேற்ற கனத்த செப்புத்தகடு ஒன்றை இட்டு, தொடுமிடங்களில் வெப்பங்கடத்தும் பசையை மெல்லியதாகத் தடவுக. பசை மிகுந்தால் அதுவே தடையாகும். செம்பு மின்சாரத்தையும் கடத்துமாதலின், கம்பிகள் அதனைத் தீண்டாதவாறு காத்தல் வேண்டும்.

அதன்பின் ஸ்பிரிங்கைக் கவனிக்க. மின்னோட்டம் 2 ஆம்பியராயின், 0.1 ஓம் தடையும் 0.2 வோல்ட்டை விழுங்கும். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் வளையத்தக்க செப்புக்கம்பியால் இணைத்து ஈயம் பற்றவைத்தால் இந்நட்டம் பெரிதும் நீங்கும். பாட்டரியை அகற்றிய பின்னரே இவ்வேலையைத் தொடங்குக. 18650 என்னும் லித்தியம் பாட்டரி முனைகள் இணைந்தால் தீப்பற்றவுங்கூடும். 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு விற்கப்படுவனவற்றை வாங்கற்க. அவ்வுருவில் அவ்வளவு கொள்ளாது.

வேலை முடிந்ததும் விளக்கைப் பத்து நிமிஷம் எரியவிட்டு உடற்குழலைத் தொட்டுப் பார்க்க. குழல் விரைவில் வெதுவெதுப்புற்றால் அஞ்சற்க. வெப்பம் வழிகண்டது என்க. குழல் குளிர்ந்திருக்க ஒளி மட்டும் மங்குமாயின், மீண்டும் கழற்றித் தகட்டைச் சீர்செய்தல் வேண்டும்.