பிள்ளை படிப்புக்காக டவுனுக்குக் குடி போகலாமா? உட்கார்ந்து கணக்குப் போடுவோம்



ஏப்ரல், மே மாதம் வந்தாலே நம் குழுக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "அக்கா, பிள்ளையை நல்ல ஸ்கூல்ல சேர்க்கணும். டவுன்ல வீடு பார்த்திருக்கோம். அட்வான்ஸ் கொடுக்கக் கடன் வேணும்." இப்படிக் கேட்டு வரும் விண்ணப்பங்கள் நிறைய. படிப்புக்கு என்றதும் நாம் யாரும் மறுப்பதில்லை. ஆனால் கடன் கொடுத்து ஆறு மாதம் கழித்து, அதே உறுப்பினர் தவணை கட்ட முடியாமல் கண் கலங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறோம். அதனால் இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

பள்ளிக்கூடம் நல்லதாக இருக்க வேண்டும். அதே சமயம் வீட்டுச் செலவு நம்மை முழுகடித்து விடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கதை

நம் உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம். சொந்த வீடு, ஒரு கறவை மாடு. வீட்டுக்காரர் கொத்தனார், தினம் பைக்கில் டவுனுக்குப் போய் வருகிறார். மகள் எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிறாள். மகன் ஐந்தாவது போகிறான். ஊரில் எட்டாவது வரைதான் பள்ளி. டவுன் 14 கிலோமீட்டர். அங்கே அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, தனியார் பள்ளியும் இருக்கிறது.

"தனியார் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துடலாம்" என்பது வீட்டுக்காரர் எண்ணம். குழுவில் உட்கார்ந்து மூன்று வழிகளுக்கும் கணக்குப் போட்டோம். உங்கள் ஊரில் தொகை மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

முதல் வழி: டவுனுக்குள் வீடு, தனியார் பள்ளி

வீட்டு வாடகை மாதம் 5,000. கரண்ட், தண்ணீர் 700. ஊரில் காசில்லாமல் கிடைத்த பால், கீரை, காய்க்கு இனி 1,800. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடம் 50,000, அதாவது மாதம் 4,167. புத்தகம், சீருடை, ஷூ வருடம் 10,000, அதாவது மாதம் 833. ஆகக் கூடுதல் செலவு 12,500 ரூபாய்.

இதோடு முடிந்து விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். விட்டுப் போகும் வருமானத்தை யாரும் எழுதுவதில்லை. மாட்டை விற்றால் செலவு போகக் கிடைத்த 2,500 போகும். காட்டு வேலைக் கூலி 3,600 போகும். இழப்பு 6,100. இரண்டையும் கூட்டினால் 18,600.

லாபமும் உண்டு, அதையும் எழுத வேண்டும். வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் மிச்சம் 1,500. அந்த அம்மா டவுனில் தையல் வேலைக்குப் போனால் 7,000. மொத்தம் 8,500. கழித்தால் மாதம் 10,100 ரூபாய் துண்டு விழுகிறது. மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை நான்கு வருடத்துக்கு 4,84,800 ரூபாய். அட்வான்ஸ் இதில் சேரவில்லை.

இரண்டாம் வழி: டவுன் ஓரத்தில் வீடு, அரசுப் பள்ளி

வாடகை 3,500. கரண்ட், தண்ணீர் 600. பால், காய் 1,800. மொத்தம் 5,900. விட்டுப் போகும் வருமானம் அதே 6,100. கூட்டினால் 12,000. லாபம் 8,500 கழித்தால் துண்டு விழுவது மாதம் 3,500.

மூன்றாம் வழி: ஊரிலேயே இருந்து மகளை பஸ்ஸில் அனுப்புவது

மகளுக்கு இலவச பஸ் பாஸ். மகன் உள்ளூர்ப் பள்ளியிலேயே படிக்கலாம். செலவு குறைவு. ஆனால் சாயந்திரம் பஸ் 4.20-க்குப் போய் விடுகிறது. சிறப்பு வகுப்பு 5.30 வரை நடக்கிறது. அடுத்த பஸ் ஏழு மணிக்கு. இதுதான் சிக்கல். ஊரிலிருந்து போகும் ஐந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து ஆட்டோ பேசினால் தினம் 200 ரூபாய், தலைக்கு 40. மாதம் 22 நாளுக்கு 880 ரூபாய். நோட்டு, தின்பண்டம் எல்லாம் சேர்த்து 1,500-க்குள் முடியும்.

பணத்தில் தெரியாத இழப்பு ஒன்று

கணக்கு முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஒன்பதாவதுல பிரைவேட் மாத்தினா அரசுப் பள்ளிப் பிள்ளைக்கான சலுகை போயிடுமே?" நல்ல கேள்வி. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் தமிழ்நாட்டில் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும் வரை பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று வருடப் பட்டப் படிப்புக்கு 36,000 ரூபாய். பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. உதவித்தொகைத் திட்டங்களில் அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிப் பிள்ளைகளையும் பிறகு சேர்த்தார்கள். நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் தகுதி போய் விடலாம். மாற்றுவதற்கு முன் இன்றைய விதி என்ன என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு விடுங்கள்.

நல்ல பள்ளி என்று எப்படித் தெரிந்து கொள்வது?

பெரிய கட்டிடம், டை, ஷூ, வேன் இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் மட்டம் என்றும் இல்லை, எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக நடக்கிறது என்றும் இல்லை. நேரில் போய்ப் பாருங்கள். விடுமுறையில் போகாதீர்கள், வேலை நாளில் போங்கள்.

1. எல்லா வகுப்புக்கும், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா? கணக்கு, அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாவது வரை 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்பது அளவு. இரு நூறு பிள்ளைக்கு மேல் உள்ள தொடக்கப் பள்ளிக்கு 40 வரை போகலாம்.

2. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? திறந்திருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா?

3. பிள்ளைகள் வாசிக்கிறார்களா? பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-லிருந்து கிராமங்களில் வீடு வீடாகப் போய் இதைச் சோதிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனை. நாமும் செய்யலாம். அந்தப் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை சொல்லாததை அந்தப் பிள்ளை சொல்லி விடும்.

4. பதினொன்றாம் வகுப்பில் உங்கள் பிள்ளை விரும்பும் பிரிவு இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு வருடத்தில் மறுபடி வீடு மாற வேண்டி வரும்.

5. தனியார் பள்ளி என்றால் கட்டணம் எவ்வளவு? 2009-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைக் கேளுங்கள். கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

வீடு பார்க்கும்போது

வாடகை மட்டும் கேட்டு வந்து விடாதீர்கள். கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, வருடா வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

சிலர் ஒத்திக்கு வீடு எடுக்கிறார்கள். "வாடகையே இல்லையே" என்று தோன்றும். ஒன்றரை லட்சம் ஒத்திப் பணத்தை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் குழுவில் வாங்கினால் மாதம் 1,500 வட்டி. அதையே வெளியில் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 4,500. அது வாடகைக்கு மேலே போய் விட்டது! அந்த வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால் நம் பணம் திரும்பி வருவதும் சிரமம். வில்லங்கச் சான்று பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒத்திப் பணம் கொடுக்க வேண்டாம்.

மாற்றுச் சான்றிதழ்

எட்டாவது வரை படிக்கும் பிள்ளை பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் கூறியது. "பாக்கி கட்டினாத்தான் டி.சி." என்றால் பயப்பட வேண்டாம். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

எப்போது குடி போவது சரி?

ஊரோடு இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. பஸ் இல்லை, எட்டாவதோடு பெண் பிள்ளை நின்று விடும் என்ற நிலை வந்தால் கடன் பட்டாவது போகத்தான் வேண்டும். படிப்பு நின்றால் அடுத்து வருவது கல்யாணப் பேச்சு. அது நமக்குத் தெரியாததா? கணவன், மனைவி இருவருக்கும் டவுனில் நிலையான வேலை கிடைத்தாலும் போகலாம். ஆனால் வாடகையும் கட்டணமும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தொட்டால் நின்று யோசியுங்கள். நான்காவது மாதமே கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தினால், அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்?

குழுவையும் நினைத்துப் பாருங்கள். குடி போனாலும் மாதக் கூட்டத்துக்கு வர முடியுமா, சேமிப்பையும் தவணையையும் எப்படிக் கட்டுவது என்று போகும் முன்பே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி விடுங்கள்.

அந்தக் குடும்பம் என்ன முடிவு செய்தது?

கடைசியில் மகளிடமே கேட்டார்கள். அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை! "நான் பஸ்ல போறேம்மா. ஆனா ஏழு மணி பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல நிக்க மாட்டேன்" என்றாள். ஐந்து வீட்டு அம்மாக்களும் சேர்ந்து ஆட்டோ பேசினார்கள். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பணிமனைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது போவதற்குள் பஸ் சரியாகவில்லை என்றால் டவுன் ஓரத்தில் வீடு எடுப்பது, அதற்காக இப்போதிருந்தே மாதம் 1,000 ரூபாய் தனியாகச் சேமிப்பது என்று முடிவு செய்தார்கள். அப்போதும் அரசுப் பள்ளிதான்.

உள்ளூர்ப் பள்ளியையும் நாம் விட்டு விடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பாதி நாம்தான். ஆசிரியர் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் அங்கே போய்க் கேட்போம். பத்துக் குடும்பம் குடி போகும் செலவில் ஒரு பங்கு கூட ஆகாது, நம் ஊர்ப் பள்ளியைச் சரி செய்ய.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். பள்ளி மாற்ற நினைக்கும் உறுப்பினர் இருந்தால் ஒரு தாளில் இந்த மூன்று வழிக் கணக்கையும் எழுதிப் பாருங்கள். கடன் தீர்மானம் அதற்குப் பிறகு போடலாம்.